வரிசையில் ஒரு குண்டு குறைகிறது

கிருஷ்ணகிரி மலையடிவாரத்தில், மைசூர்ப் படையும் கும்பினிப் படையும் மோதிய மைதானம் இப்போது நினைவுப் பூங்கா. நினைவுக்கல்லைச் சுற்றி, வெள்ளையடித்த பீரங்கிக் குண்டுகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். ஓரிடத்தில் மட்டும் குண்டு இல்லை. புதுப் பள்ளம் இருக்கிறது. முப்பது வருடம் தாலுகா ஆபீஸில் இருந்தவனுக்கு அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

வேலிக்கு அப்பால் ராகிக் கொல்லையில் களையெடுக்கும் பெண் நிமிர்கிறாள்.

"அளக்க வந்தீங்களா சாமி?"

"இல்லையம்மா, நான் ரிட்டையர் ஆனவன். எதற்கு அளக்க வேண்டும்?"

"எங்க கொல்லையில குண்டு கெடந்துச்சுன்னு பூங்காக் காவக்காரரு எடுத்துக் காமிச்சாரு. குண்டு கெடச்ச நெலமெல்லாம் பூங்காவுக்குத்தானாம்."

எங்கள் காலத்தில் நிலம் எடுக்க நோட்டீஸ் கொடுப்போம். இங்கே குண்டைக் கொடுக்கிறார்கள். அது வரப்பின் மேல் மஞ்சள் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

"அதில் சுண்ணாம்பு ஒட்டியிருந்ததா?"

"அப்பிக் கெடந்துச்சுங்க. செத்தவங்க சாமான் ஆச்சே, புளி போட்டுத் தேச்சுக் கழுவிட்டுத்தான் கும்பிட்டேன்."

இருந்த சாட்சியைத் தானே துலக்கி வைத்துவிட்டாள். பள்ளமாவது மிச்சம் என்று திரும்பிப் பார்க்கிறேன். காவல்காரர் அதன்மேல் ஒரு பூந்தொட்டியை வைத்து, நிதானமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.