ஒரு வட்டல் கடைசலுக்கு மூத்தவன் ஆனேன்

எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாடு பாதி அடுப்பில் வேகும், மீதி பைபிளில் வேகும். கருமத்தம்பட்டியில் தறிக்குடோனை நம்பியிருந்த குடும்பம் எங்களுடையது. தொண்ணூறுகளில் நூல் விலை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. ஏறினால் முதலாளி பாதித் தறியை நிறுத்திவிடுவார்; அந்த வாரமே எங்கள் வீட்டுக் குழம்பு தண்ணீராகிவிடும். இந்தச் சங்கதியை எல்லாம் அம்மா எங்களுக்கு விளக்கியதில்லை. குழம்பு எவ்வளவுக்கு எவ்வளவு இளகுகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு கெட்டியாக ஒரு கதை சொல்வாள்.

வேலியோரம் பறித்த கீரையைக் கடைந்து வைத்தால் அது தானியேல் சாப்பாடு. ராஜா வீட்டுக் கறி வேண்டாம் என்று சொல்லி வெறும் மரக்கறி தின்ற தானியேலுக்குத்தான் அரண்மனையிலேயே முகம் களையாக இருந்ததாம். நான் கை கழுவிய கையோடு கண்ணாடி முன்னால் போய் நிற்பேன். சாப்பிடுவதற்கு முன்னால் இருந்த அதே மூஞ்சிதான் இருக்கும். "ஒரு நாள்ல தெரியுமா? தொடர்ந்து தின்னாத்தான் தெரியுங் கண்ணு" என்பாள் அம்மா. மறுநாளும் கீரைதான்.

ராகிக்களி கிண்டினால், பஞ்சத்திலும் பானையில் மாவு குறையாத ஏழை விதவை கதையில் வருவாள். என்றைக்காவது நெத்திலிக் கருவாடு வந்தால் ஐந்து அப்பம் இரண்டு மீன். அன்றைக்கு மட்டும் எனக்கு விசுவாசம் கொஞ்சம் ஆட்டம் காணும். ஐயாயிரம் பேர் தின்றும் கூடை கூடையாக மிஞ்சியது என்கிறாள், என் வட்டலிலோ தலையும் வாலுமாக ஒன்றே ஒன்று கிடக்கிறது. கேட்டால், "அவியெல்லாம் முன்னாலயே வந்து தின்னுபோட்டாங்க, நீதான் லேட்டு" என்பாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். நான் ஜெபம் பண்ணும் முறை வந்தால் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், சீக்கிரம் சாப்பிடலாம். என் ஜெபத்தில் ஆண்டவருக்கும் ஆமெனுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடக்கூட இடம் இருக்காது.

அப்போது எனக்கு எட்டு வயது. அண்ணன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். கணக்கில் புலி. வாத்தியார் போர்டில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவான் என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு. அதில் எல்லாம் எனக்குப் பொறாமை கிடையாது. அவனிடம் எனக்கிருந்த பகை முழுவதும் வயிறும் இடுப்பும் சம்பந்தப்பட்டது. ஈஸ்டருக்கு அவனுக்கு முழு முட்டை, எனக்கு அரை. கிறிஸ்துமஸுக்கு அவனுக்குப் புதுக் கால்சட்டை, அது நைந்து போன பிறகு எனக்கு. கேட்டால் "அவன் மூத்தவன்" என்று ஒரே பதில். மூத்தவன் என்பது ஏதோ பெரிய உத்தியோகம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அந்த வருஷம் தறி ஓட்டம் ரொம்ப மோசம். அப்பாவுக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை. ஒரு சாயங்காலம் முதலாளிக் கவுண்டர் மொபெட்டில் வந்து, இறங்காமலேயே காலை ஊன்றிக்கொண்டு அப்பாவிடம் பேசினார்.

"ஏனப்பா, தார் சுத்துன புள்ளைக்குக் கண்ணாலமாயிப் போயிருச்சு. உம் மூத்த பையன அனுப்பேன். ஸ்கோலுக்குப் போயி என்ன கலெக்டரா ஆகப் போறான்? டீயும் பன்னும் குடோன்லயே குடுத்தர்றேன்."

தறியில் குறுக்கும் மறுக்கும் ஓடும் நாடா என்கிற கட்டைக்குள் நூல் சுற்றிய குச்சி ஒன்று இருக்கும், அதுதான் தார். மிஷின் முன்னால் உட்கார்ந்து நாள் பூராவும் அதைச் சுற்றிச் சுற்றிப் போடவேண்டும்.

"பையன் படிக்கட்டுங்க. நாம் போறேன்" என்றாள் அம்மா, கவுண்டர் போன பிறகு.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு மூச்சு இளைப்பு உண்டு. மார்கழி மாதத்தில் உட்கார்ந்துகொண்டேதான் தூங்குவாள். "அந்தப் பஞ்சுத் தூசில நீ போயி உக்காந்தீன்னா உசுரோட இருப்பியா? பையன் போகட்டும். ஒரு வருசந்தான். அப்பறம் திரும்பப் படிச்சுக்கட்டும்" என்றார். அப்படி ஒரு வருஷத்துக்கென்று போன பையன்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள். மீசை முளைத்தும் தார்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா அதைச் சொன்னாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டாரே தவிர வார்த்தையை மாற்றவில்லை.

இந்தப் பேச்சு முழுவதிலும் என் காதில் விழுந்தது பன் ஒன்றுதான். மூத்தவனுக்கு மட்டும் தினம் ஒரு பன்!

வேலை பழகுவதற்காக அண்ணன் அந்த வாரம் பள்ளிக்கூடம் விட்டதும் குடோனுக்குப் போய்க்கொண்டிருந்தான். மறுநாளிலிருந்து முழுநாள், பள்ளிக்கூடம் கிடையாது என்று இருந்த அந்த ராத்திரி, அம்மா பச்சைப்பயறு கடைந்தாள். எங்கள் வீட்டில் பச்சைப்பயறு என்றால் ஏசாவின் கதை. வேட்டைக்குப் போய்ப் பசியோடு வந்த மூத்தவன் ஏசா, தம்பி யாக்கோபு காய்ச்சிய பயற்றங்கூழுக்காக மூத்த பிள்ளைக்கு உண்டான பாத்தியதையை விற்றுவிடுகிறான். சேஷ்டபுத்திரபாகம் என்று அதற்கு பைபிளில் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் பெயர். எனக்கு அது மட்டும் சுளுக்காமல் வரும்.

வழக்கமாக அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கதை சொல்வாள். அன்றைக்குச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவரில் அப்பா சாய்ந்திருந்தார்.

"ஒரு நேரத்துப் பசி கண்ண மறைச்சுப்போட்டுது. அப்பறமேட்டுக்கு அழுதானாம், அப்பிடி அழுதானாம். போனது போனதுதான். திரும்பிக் கெடைக்கவே இல்ல."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை நாள் கதையாகக் கேட்டது, அன்றைக்குத்தான் வியாபார யோசனையாகக் கேட்டது.

அண்ணன் வந்தான். தலை, புருவம், கை எல்லாம் பஞ்சு. ஏசாவுக்கு உடம்பெல்லாம் ரோமம் என்று படித்திருந்த எனக்குப் புல்லரித்துவிட்டது. வேதமே கதவைத் திறந்துகொண்டு வந்த மாதிரி இருந்தது. ஜெபம் முடிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் சோற்றில் கை வைக்கவில்லை.

"அண்ணா, பசிக்குதா?"

"பசிக்காமயா? கொடலு காஞ்சு கெடக்குது."

"எம் பங்குக் கடைசலயும் நீயே தின்னுக்க. உன்ற சேஷ்டபுத்திரபாகத்த எனக்குக் குடுத்துரு."

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "எடுத்துக்கடா சாமி. மூத்தவனாப் பொறந்து நாங் கண்டது என்ன?"

"சும்மா சொன்னா ஆகாது. ஆணையிடோணும். யாக்கோபு ஆணை வாங்குனான்."

மாடத்திலிருந்து பைபிளை எடுத்து நீட்டினேன். அண்ணன் சிரித்துக்கொண்டேதான் கை வைத்தான். வைத்த பிறகு ஏனோ சிரிக்கவில்லை. "குடுத்துட்டேன்" என்றான். பிறகு இரண்டு வட்டலையும் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தான்.

நான் எழுந்து நின்று அறிவிப்புக் கொடுத்தேன். "இனிமே முழு முட்டை எனக்கு. புது டவுசரு எனக்கு. பன்னும் எனக்கு."

எல்லாரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். நான் எதற்குச் சிரிக்கச் சொல்கிறேனோ அதற்கு எங்கள் வீட்டில் யாரும் சிரித்ததில்லை, அன்றைக்கும் அப்படித்தான். அம்மா கையில் இருந்த கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

"நெசமாலுமே குடுத்துட்டியா கண்ணு?"

"குடுத்துட்டேனுங்மா" என்றான் அண்ணன், வாய் நிறையச் சோற்றோடு.

"வேதத்து மேல கைய வெச்சு?"

"ஆமாங்."

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, கேட்டுக்கிட்டீங்களா? இனிமே இவந்தான் இந்த ஊட்டுல மூத்தவன். கவுண்டரு மூத்தவனத்தானுங்களே கேட்டாரு? வெடிஞ்சதும் இவன நாங் கூட்டிட்டுப் போறேன். பெரியவன் பள்ளிக்கோடம் போகட்டும்."

"என்ன வெளையாட்டு இது?"

"வேதத்து மேல ஆணையிட்டது வெளையாட்டுங்களா?"

அப்பா சபையில் காணிக்கைப் பை பிடிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை அவர் பை நீட்டும்போது முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூட ஓட்டமாட்டார், அவ்வளவு பயபக்தி. அம்மாவின் இளைப்பு வாங்கும் நெஞ்சை ஒருதரம் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

விற்றுத் தீர்த்த என் வட்டலுக்கு, அம்மா தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சோறு வந்து சேர்ந்தது. மூத்தவனுக்கு அப்படித்தான் தானாக வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தின்றேன்.

விடிந்ததும் அம்மா எனக்குத் தலை வாரி, பவுடர் பூசி, பண்டிகைச் சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போனாள். ஈரத் துண்டு ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டாள். அது என் முகத்தைத் துடைப்பதற்கு என்று நினைத்தேன்.

கவுண்டர் குடோன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்ன அம்மணி, பையன் வல்லியா?"

"கூட்டிட்டு வந்துட்டேனுங்க. மூத்தவன் இவந்தானுங்க."

"இவனா? இது பொடிசல்ல?"

அம்மா ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் நடந்ததைச் சொன்னாள். கவுண்டருக்குப் புரையேறிவிட்டது. உள்ளே இருந்த ஆட்களைக் கூப்பிட்டு, என்னை ஒரு பெட்டிமேல் ஏற்றி, மறுபடி சொல்லச் சொன்னார். நான் போதகர் பிரசங்கம் பண்ணுகிற தோரணையில் கையை வீசிச் சொன்னேன். தறிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சிரிக்கச் சொல்லாமலே சிரிக்கும் ஆட்களை அன்றுதான் பார்த்தேன்.

"உங்க வேதத்துல இப்பிடியெல்லாமா யாவாரம் நடக்குது? அட, இவனுக்கு மிஷினு எட்டோணுமல்ல?"

"எட்டாதுங்க. எட்டற வரைக்கும் இவம் பேர்ல நாஞ் சுத்தறேனுங்க."

கவுண்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார். "உனக்கு இளைப்பல்ல அம்மணி? உங்கூட்டுக்காரன் என்ன சொன்னான்?"

"வேண்டாம்னு சொல்லலீங்க."

அவர் ஆளைக் கூப்பிட்டு, தார் மிஷினைச் சன்னலோரமாக இழுத்துப் போடச் சொன்னார்.

அம்மா ஈரத் துண்டை மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மிஷின் ஓடியது. சன்னல் வழியாக இறங்கிய வெயிலில் பஞ்சு பறக்க ஆரம்பித்தது. பனியை நான் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில்தான் பார்த்திருக்கிறேன். அட்டையில் பனி நகராது. இது நகர்ந்தது. அம்மாவின் தலைமேல், தோள்மேல், இமைமேல் சத்தமில்லாமல் இறங்கியது. அத்தனை தறி இரைச்சலுக்கு நடுவில் அவள் மட்டும் வேறெங்கோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. துண்டுக்குள் உதடு அசைவது தெரிந்தது. ஜெபமா, கதையா, மூச்சுக்கு அல்லாடலா, தெரியவில்லை. கவுண்டர் என் கையில் கொடுத்திருந்த பன்னைக் கடிக்க மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வாயில் பஞ்சு விழுந்த பிறகுதான் மூடினேன். என் சரித்திரத்தில் பன் இருந்தும் தின்னாமல் நின்ற நேரம் அது ஒன்றுதான்.

அண்ணன் பன்னிரண்டாவது முடித்து மேலே படிக்கப் போகும்வரை அம்மா என் பேரில் தார் சுற்றினாள். அவன் இன்றைக்கும் போனில் என்னை "பெரியவரே" என்றுதான் கூப்பிடுகிறான், கூப்பிட்டுவிட்டு உடனே "அம்மாளுக்கு மூச்சு எப்படி இருக்குது?" என்று கேட்பான்.

அந்த முதல் நாள் குடோனிலிருந்து நானும் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனேன்; சாயங்காலம் அண்ணனும் நானும் வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் அப்பா இருந்தார். அரிசிம்பருப்புச் சாதம் கிளறிக்கொண்டிருந்தார். அடி பிடித்த வாசம் தெருமுனைக்கே வந்திருந்தது.

"இதுக்கு என்ன கதைங்ப்பா?" என்று கேட்டேன்.

"இதுக்குக் கதையில்ல. பேசாம உக்காரு."

அம்மா வந்தாள். வாசல்படியில் கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். நாங்கள் எல்லாரும் சாப்பிட்ட பிறகே உட்காருகிற அம்மாவை அப்பா கையைப் பிடித்து உட்காரவைத்து, முதல் வட்டலை அவள் முன்னால் வைத்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மூத்தவன் நானு. எனக்குத்தான் மொதல்ல போடோணும்."

வேறு நாளாக இருந்தால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் தலைமுடியில் இருந்த பஞ்சை எடுக்க ஆரம்பித்தார். ஒரு பிசிறு எடுப்பார், உள்ளங்கையில் வைத்துக்கொள்வார், அடுத்ததை எடுப்பார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தான். ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோறு ஆறிக்கொண்டிருந்தது, என் வயிறு இரைந்துகொண்டிருந்தது. எடுக்க எடுக்கப் பஞ்சு வந்துகொண்டே இருந்தது.

இவர் எப்போது எடுத்து முடிப்பது, எப்போது ஜெபம் ஆரம்பிப்பது, நான் எப்போது சாப்பிடுவது என்று முட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஜெபம் ஆரம்பித்து வெகுநேரமாகிவிட்டது என்று எனக்குத் தெரியவில்லை.