மீனம்பாளுக்கு வைத்த லிப்ட்

வண்டி வைத்திருக்கும் ஆண்களைப் பற்றி எனக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. கட்டினவள் தலைவலி என்று படுத்தால் ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். வண்டியில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டால் போதும், அடியில் படுத்துக்கொண்டு சோறு தண்ணியை மறந்துவிடுவார்கள். எங்கள் எதிர்வீட்டுத் தனகோட்டி மாமாவும் அந்த ரகம்தான். ஆனால் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது அவர் பெண்டாட்டி மீனம்பாள் அக்காவின் கதை. அவள் அவரைக் கெட்டவர் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அக்கா வாட்டசாட்டமான மனுஷி. செஞ்சி சந்தையில் அவள் பேரம் பேசினால் கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே இறங்கி வருவார்கள். அவளில் பாதிதான் மாமா. இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் தெருவில் கேலி செய்யாதவர்கள் கிடையாது. அந்த அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு இடது கால் மடங்கவே இல்லை. இன்னொரு தடவை விழுந்தால் நடையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருவாள், அவ்வளவுதான். பஸ் படி ஏற முடியாது. ஆட்டோவிலும் காரிலும் நீட்டின காலுக்கு இடம் பத்தாது.

அவளுக்கென்று இருந்தது மாமாவின் பழைய ஜீப் ஒன்றுதான். பின்கதவைக் கீழே மடக்கினால் அது ஒரு பலகை மாதிரி நிற்கும். அக்கா முதுகைத் திருப்பிக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்து, அந்தப் பலகையில் அப்படியே உட்காருவாள். அது சரியாக அவள் இடுப்புயரம், அவளுக்கென்று அளந்து செய்தது போல இருக்கும். மாமா உள்ளே நின்று அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொள்வார். காலை நீட்டிக்கொண்டு ராணி மாதிரி போவாள்.

மாதத்தில் ஒருநாள் அப்படிப் போவது தளவானூருக்கு. அங்கே தம்பி துரைக்கண்ணு வீட்டில் அவளுடைய அம்மா ரத்தினம்மாள் இருந்தாள். அந்தம்மாவும் தள்ளாத வயதில் எந்த வண்டியிலும் ஏறி வர முடியாதவள். ஜீப்பை வாசலில் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்துவார் மாமா. அக்கா இறங்கமாட்டாள். அம்மா வீட்டுக்குள்ளிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, துரைக்கண்ணு கைகொடுக்க, அந்தப் பலகையில் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். வேர்க்கடலையை உரித்துப் போட்டபடி சாயங்காலம் வரை பேச்சு. ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யாருமே கேட்கவில்லை, இரண்டு பேருக்கும் அப்படியொரு சந்தோஷம்.

மாமாவுக்குப் பிழைப்பு அந்த ஜீப்பில்தான். சீத்தாப்பழ சீசனில் மலைக்குப் போய்ப் பழக்கூடைகளை இறக்கி வருவார். மலைப் பாதை என்றால் பாதை என்று சொல்ல ஒன்றும் கிடையாது, உருண்டைக் கல்லும் ஓடைத் தடமும்தான். ஒருநாள் ஜீப்பின் அடிவயிறு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சென்னையிலிருந்து பெரிய பெரிய டயர் போட்ட ஜீப்புகளில் பொழுதுபோக்குக்கு மலையேற வந்த பையன்கள் கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். உதவி செய்தது சரி. இழுக்கும்போது போனில் படம் எடுத்து, தாத்தா வண்டி தவழுது என்று சிரித்தார்களாம். சைலன்ஸரும் பிய்ந்து போயிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் வாயில் சஸ்பென்ஷன் லிப்ட் கிட் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் கழற்றிவிட்டு, உயரமானவற்றைப் போட்டு, வண்டியையே மேலே தூக்கிவிடுகிற சாமான் அது. இரண்டு அங்குலமா நாலு அங்குலமா என்று போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கண் சிவந்து திரிந்தார். திருவண்ணாமலை ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் செல்லப்பன்தான் அவருக்கு மெக்கானிக். இரண்டு அங்குலமே போதும் என்று செல்லப்பன் தலைப்பாடாக அடித்துக்கொண்டாராம். நாலு போட்டால் வளைவில் வண்டி பக்கவாட்டில் ஆடி அலசும், டயரையும் பெரிதாக மாற்றச் சொல்லும், அதில் உயரம் இன்னும் ஏறிப்போகும். கடைசியில், வீட்டில் அந்தம்மா எப்படி ஏறுவார்கள் என்றும் கேட்டிருக்கிறார். அதற்கு மாமா சொன்ன பதிலைச் செல்லப்பனே பிறகு என்னிடம் சொன்னார்.

"அவ ஏறுறது மாசத்துல ஒரு நாளுய்யா. மல நான் தெனமும் ஏறணும்."

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், சோறு போடுவது மலைதான். அவர் பொய் சொல்லவில்லை.

இங்கே அக்காவின் கதை வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மாமா போனில் லிப்ட், லிப்ட் என்று பேசியது அவள் காதில் விழுந்திருந்தது. அவளுக்குத் தெரிந்த லிப்ட் ஒன்றே ஒன்று. ஆஸ்பத்திரியில் படுக்கையோடு அவளை உள்ளே தள்ளி, பொத்தானை அமுக்கியதும் தானாக மேலே கொண்டுபோன லிப்ட். தன்னை ஏற்றி இறக்கத்தான் வண்டியில் அதைப் பொருத்துகிறார் என்று நினைத்துக்கொண்டாள். தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொன்னாள். நானும் நம்பினேன். இந்தக் காலத்தில் எதற்குத்தான் மிஷின் இல்லை? மனுஷன் பரவாயில்லையே என்று மாமாவை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். தளவானூருக்குப் போன் போட்டு அவள் அம்மாவிடம் கத்திப் பேசியது என் வீடு வரைக்கும் கேட்டது.

"எம்மா, அவரு எனக்கோசரம் வண்டில லிப்டு வைக்கிறாரு. நீயும் அதுல நின்னா போதும், தானா மேல தூக்கிடும். உன்ன இட்டுனு வந்து பத்து நாளு வச்சிக்கிறேன், பாரு."

ஆடி மாதக் கடைசியில் ஜீப் வந்தது. நாலு அங்குலம், பெரிய டயர் வேறு. நின்ற தோரணையே மாறியிருந்தது. மாமா முகத்தில் அப்படியொரு களை. அக்கா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். லிப்ட் எங்கே என்று கேட்டாள்.

"இதான் லிப்டு. வண்டியே எவ்ளோ மேல தூக்கி நிக்குது, பாரு."

அக்கா பின்பக்கம் போனாள். பின்கதவு மடங்கிக் கிடந்தது. வழக்கம்போல முதுகைத் திருப்பி நின்று பார்த்தாள். பலகை அவள் முதுகில் இடித்தது. திரும்பி அதன் விளிம்பைக் கையால் ஒருமுறை தடவினாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லாதான் இருக்குது," என்று மாமாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் என்ன நினைத்துக் காத்திருந்தாள் என்பதை மாமாவிடம் நான்தான் சொன்னேன், கொஞ்சம் காட்டமாகவே சொன்னேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார். இரும்பில் ஒரு படி அடித்துப் பின்னால் மாட்டிவிடுகிறேன் என்றார். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று ஸ்டூல் போட்டுப் பார்த்தார்கள். அது ஆடினதும் அக்கா அலறிக் காலை எடுத்துவிட்டாள். தெரு ஆட்கள் தூக்கி வைக்கிறோம் என்றார்கள். ஆம்பிளைகள் கை வைத்துத் தூக்க நான் என்ன நெல்லு மூட்டையா என்று சண்டைக்கு வந்தாள். சரி, படி வரட்டும் என்று விட்டார்கள்.

படி வரவில்லை. ஆவணியில் சீத்தாப்பழம் வந்துவிட்டது. மாமா விடியலில் மலைக்குப் போய் இருட்டின பிறகு வந்தார். வெல்டிங் கடைக்காரர் அளவெடுக்க வண்டியைக் கேட்டபோதெல்லாம் வண்டி மலையில் இருந்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அம்மாவும் மகளும் போனில் பேசிக்கொண்டார்கள். அந்தம்மாவுக்குக் காது மந்தம், போனில் பாதிதான் விழும். லிப்ட் வண்டி எப்போது வரும் என்று கேட்பாளாம். வரும், வரும் என்று அக்கா சொல்வாள். வண்டி உயர்ந்துபோன கதையை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. மருமகனைக் குறைவாக நினைத்துவிடுவாள் என்று அவளுக்குப் பயம்.

கார்த்திகையில் ஒரு காலையில் துரைக்கண்ணு போன் செய்தான். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள்.

அன்றைக்கு நாலு ஆண்கள் அக்காவை நாற்காலியோடு தூக்கி ஜீப்புக்குள் இறக்கி உட்காரவைத்தார்கள். அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். வண்டி ஒவ்வொரு வளைவிலும் அலசியது, நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். மாமா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தளவானூர் வாசலில் பந்தல் போட்டு, அம்மாவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். மாமா எப்போதும் போல ஜீப்பைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்திப் பின்கதவை மடக்கினார். துரைக்கண்ணுவின் பெண்டாட்டி ஓடிவந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நேற்று ராத்திரிகூட லிப்ட் வண்டி வந்துவிட்டதா என்று அம்மா கேட்டதாகச் சொல்லி அழுதாள். மாமா ஜீப்பின் பக்கவாட்டில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆட்கள் அக்காவை இறக்க வந்தார்கள். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"என்ன எறக்காதீங்க. எங்கம்மாவ இங்க கொண்டாங்க. நாங்க எப்பவும் இதுலதான் உக்காருவோம்."

சடங்கு முடியாமல் வண்டியில் ஏற்றக் கூடாது என்று யாரோ பெரியவர் ஆரம்பித்தார். யாரும் அசையவில்லை. மாமா போனார். குனிந்து, மாமியாரை இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு வந்தார். குழந்தை கனம்கூட இல்லை அந்தம்மா. தன் நெஞ்சுக்கு மேலே தூக்கி, அந்தப் பலகையில், மகளின் பக்கத்தில் கிடத்தினார். அக்கா அந்தத் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்து முடியை ஒதுக்கிவிட்டாள்.

"ஏறிட்டியாம்மா," என்றாள்.

மாமா அங்கேயே வண்டி டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

காரியம் முடிந்த மறுநாளே செல்லப்பன் பட்டறைக்குப் போய் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். பழைய ஸ்பிரிங், பழைய டயர். ஜீப் இப்போது பழைய உயரத்தில்தான் எங்கள் தெருவில் நிற்கிறது. மலையில் பாறைக்குப் பாறை தட்டுகிறது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. ஓய்வாக இருக்கும் நாட்களில் பின்கதவை மடக்கி, சாக்கை மடித்துப் போட்டு, தளவானூர் வரை போய்வரலாமா என்று வாசலிலிருந்து கேட்பார். அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்ப்பாள். பலகை அவள் இடுப்புக்குச் சரியாக இருக்கும்.

"அங்க யாரு இருக்கா," என்பாள்.