இடது காதில் ஒரு வெட்டு

அல் ஐனுக்கு வெளியே எங்களுக்கு விசா தந்த அரபு முதலாளியின், அதாவது கஃபீலின், தோட்டத்தில், கம்பி வேலிக்குள் முப்பத்தொரு குரங்குகள் இருந்தன. அவற்றுக்குத் தீனி போடுவது கார்மேகம். நான் அந்த வீட்டில் சமையல்.

எண்பத்து மூன்றில் மொரிவாக்கி என்ற ஜப்பான்காரர் அவற்றை ஆராய வந்தார். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் கோதுமை போடச் சொன்னார். எது முந்துகிறது, எது ஒதுங்குகிறது, எது எதற்குப் பேன் பார்க்கிறது என்று கவனிக்க வேண்டும். நம்பர் கூடாது, பேர்தான் வைக்க வேண்டும். அப்போதுதான் முகம் மனதில் நிற்கும் என்பது அவர்கள் நாட்டு முறையாம்.

கார்மேகம் கமுதிப் பக்கத்து ஆள். எழுதத் தெரியாது. ஆனால் பத்தே நாளில் எல்லா முகமும் அவனுக்குப் பாடம். மதியம் அடுப்படி வாசலில் நின்று சொல்வான். நான் எழுதிக் கொடுப்பேன். யாழ்ப்பாணத்துக்காரரான மானேஜர் இரத்தினசிங்கம் அதை ஆங்கிலத்தில் மாற்றுவார்.

"பூவாயி மூத்த மகள வெரட்டுதுக்கா. எளையவதான் எப்பவும் மடியில கெடக்கா."

"பொஞ்சாதி பேரையா கொரங்குக்கு வச்ச?"

"மொறைக்கிறது அப்படியே இருக்குக்கா."

இளைய குட்டிக்குப் பஞ்சவர்ணம் என்று பேர். அவன் விமானம் ஏறிய பிறகு ஊரில் பிறந்த மகளின் பேரும் அதுதான். மூன்று வருடமாகியும் அவன் அவளைப் பார்த்ததில்லை.

எண்பத்தைந்தில் மொரிவாக்கி ஊருக்குப் போனார். எது யாருடைய பிள்ளை, முகத்தில் என்ன அடையாளம் என்று வரைந்த தாள்களில் ஒரு பிரதியை ஆபீசில் விட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, துபாயிலிருந்த தன் நண்பருக்கு நான்கு பெண் குட்டிகள் தருவதாகக் கஃபீல் வாக்குக் கொடுத்தார். ஒரே இரத்தமாக இருக்கக் கூடாது, நான்கும் வேறு வேறு தாயின் பிள்ளைகளாக வேண்டும். அந்தத் தாள்களைப் பார்த்து மானேஜர் நான்கு பேரைக் குறித்தார். ஒன்று பஞ்சவர்ணம்.

"தாயப் பிரிச்சா ரெண்டும் திங்காதுங்க சார். வேற எதையாச்சும் அனுப்புங்க."

"நான் என்ன செய்யிறது தம்பி? கஃபீல் சைன் வச்சிட்டார்."

மறுநாள் காலை மூன்றைச் சரியாகக் கூண்டில் விட்டான் கார்மேகம். நாலாவதாக, தாய் செத்துப்போன ஒரு குட்டியை விட்டான். மானேஜர் தாளையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது இல்லையடா. பஞ்சவர்ணத்துக்கு இடது காதில வெட்டு. நீ சொல்லித்தானே நான் எழுதினனான்?"

காது வெட்டை முதலில் எழுதியது நான்.

வேறு யார் கையிலும் அவள் வாங்க மாட்டாள். கார்மேகமே கோதுமையை நீட்டினான். பஞ்சவர்ணம் அவன் கைக்கு வந்தாள். வண்டி போன பிறகு, பூவாயி மூன்று நாள் கம்பியை விட்டு இறங்கவில்லை.

அடுத்த மாதம் இன்னொன்று குட்டி போட்டது. வழக்கம்போல் நோட்டை எடுத்துக்கொண்டு கேட்டேன்.

"என்ன பேரு?"

"வேணாங்கக்கா. நான் மொகத்தப் பாக்கல."

அதன் பிறகு, வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவன் கோதுமையை வீசினான்.