சின்னச்சாமியின் ஒயரில் கோளாறு இல்லை

பொய் சொன்னேன். கோயிலுக்குள், பீடத்துக்கு முன்னால், திருவிழாவுக்கு வந்த ஆயர், பிஷப், வாசலில் நிற்கும்போதே பொய் சொன்னேன். மைக்செட்காரர் சின்னச்சாமியின் ஒயர் நன்றாகத்தான் இருந்தது. தப்பு என்னுடையது!

கோவையில் எங்கள் பங்குக் கோயிலில் டிஜிட்டல் பியானோ வாசிப்பவள் நான். திருவிழா அன்று காலை, ஒத்திகையைப் பதிவு செய்யப் பியானோவை மிடி கேபிள் வழியாக லேப்டாப்போடு இணைத்தேன். ஒலி இரண்டாகக் கேட்கக்கூடாதென்று பியானோவில் ஒரு செட்டிங்கை அணைத்தேன். அணைத்துவிட்டால் லேப்டாப்பிலிருந்து மட்டும்தான் ஒலி வரும், பியானோ ஊமை. ஒத்திகை முடிந்தது, லேப்டாப்பைக் கழற்றினேன். செட்டிங்கை மறந்தேன்...

வருகைப் பாடலுக்குக் கை வைத்தேன். ஸ்பீக்கரில் மூச்சே இல்லை. கோயிலே திரும்பிப் பார்த்தது.

"ஒயர் போச்சு!" என்று கத்தினேன். ஒரு நொடி யோசித்தேனா? இல்லை!

அன்னூரிலிருந்து வந்து பதினொரு வருடமாக எங்களுக்கு மைக்செட் போட்ட மனிதர் ஓடி வந்தார். "அம்மணி, ஹெட்செட்டை ஒருக்கா மாட்டிப் பாருங்க. அதுல கேட்டா எங்க ஒயருங்க. கேக்கலீன்னா பியானோவுலதானுங்க கோளாறு."

அப்போதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தும், "பார்த்துட்டேனுங்ணா, ஹெட்செட்ல கேக்குது" என்றேன். அவர் வேறு ஒயர் எடுக்கப் போனார். நான் சத்தமில்லாமல் செட்டிங்கைப் போட்டேன். புது ஒயரை மாட்டினார். கோயில் முழுக்கப் பியானோ ஒலித்தது.

அடுத்த மாதமே கோயிலை நிர்வகிக்கும் பங்குப் பேரவை கூடி, ஒயர் நல்லதுதான் என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்காமல் அவரை நிறுத்தியது. இன்றும் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது! அந்தப் பழைய ஒயரை இன்னொரு தடவை மாட்டிப் பார்ப்போம் என்று ஒருவருக்காவது தோன்றியதா? பியானோ வாசிக்கிறவள் சொன்னால் வேதவாக்கு, ஒயர் சுமக்கிறவர் சொன்னால் சாக்கா? சீ... அவர்களைத் திட்ட நான் யார்? அதே கூட்டத்தில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தானே! பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கோபம், சோம்பல் என்று சில்லறைப் பாவங்களையெல்லாம் ஒப்பிக்கிறேன். இதை மட்டும் விழுங்கிவிடுகிறேன்.

போன வாரம் அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவரைப் பார்த்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் பக்கத்தில் போனேன். நம்புவீர்களா? நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கும்பிட்டார்.

"அன்னைக்கு அத்தனை பேருக்கு முன்னால உங்களைத் தலைகுனிய வெச்சுப்போட்டனுங்க அம்மணி. அந்த ஒயரைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தனுங்க, கோளாறு எங்கேன்னு இன்னும் புடிபடலீங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "பரவாயில்லீங்ணா" என்றேன்.

அவரை மன்னித்துவிட்டு வந்தேன்!