நாற்காலிக்கு விழுந்த மாலை

என் முதல் புத்தகம் வெளியான அன்று, விழா மண்டபத்துக்கு எதிரே இருந்த சீனர் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் ஈப்போ நகரில். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

தாப்பாவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவள் நான். தோட்டத்தைத் துண்டாடி விற்றதும் ஈப்போவுக்கு வந்தோம். கணவர் லாரி ஓட்டினார். நான் தொழிற்சாலைக்குப் போனேன், மிச்ச நேரத்தில் கதை எழுதினேன். அவற்றில் ஒரு வரிகூட அவர் படித்ததில்லை.

"ஒன் கோழிக் கிறுக்கல யாரு படிப்பா? புத்தகமா வரட்டும், படிக்கிறேன்லா" என்பார்.

வெறும் சாக்கு என்று நினைத்தேன். கதைகளை அச்சகத்தில் கொடுத்த மறுவாரமே கடைக்குப் போய்ப் படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கிவந்தார். பேப்பர் படிக்கக்கூட அதைப் போடவில்லை. புத்தகத்துக்கென்று வைத்திருந்தார்.

வெளியீட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார்.

துக்கம் கேட்க வந்த விழாக் குழுத் தலைவர், போகும்போது வாசலில் நின்று இழுத்தார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கோயில் மண்டபம்லா. கருமாதி இன்னும் முடியலியே."

"தேதிய மாத்தலாமே."

"தலைமை தாங்குற டத்தோ தேதி குடுத்துட்டாரு. கார்டும் அடிச்சாச்சி. இனிமே எப்படிக்கா மாத்துறது?"

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் சட்டென்று வரும், ஊருக்கே தெரியும். அன்று வரவில்லை. சரி என்றேன்.

கருமாதிக்கு முன் நான் வாசல் தாண்டக் கூடாது. தாண்டினேன். கடைக்காரர் கோப்பியை வைத்துவிட்டு, மண்டபத்துக் கூட்டத்தைக் காட்டி, கல்யாணமா என்று மலாயில் கேட்டார். இல்லை, புத்தகம் என்றேன். நம்பாமல் பார்த்துவிட்டுப் போனார்.

ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது. டத்தோ முதல் நூலைப் பெற்றுக்கொண்டார். ஆளுக்கு ஆள் பேசித் தள்ளினார்கள். கடைசியில், நூலாசிரியைக்கு வாங்கிய மாலை மேடையில் அவருடைய நாற்காலிக்கு அணிவிக்கப்படுகிறது என்றார்கள். கைதட்டல் கேட்டது. ஆளில்லாத நாற்காலிக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. செத்தவர் என் கணவர், மாலை எனக்கு. அதுவும் எனக்கு வலிக்கவில்லை. கோப்பி ஆறிப்போயிருந்தது.

கூட்டம் கலைந்ததும் தலைவர் என்னைப் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்தார். தீட்டாயிற்றே, புத்தகத்தைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தார்.

"நல்லா நடந்திச்சிக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கைப்பையிலிருந்து கணவரின் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்கும் சரியாகத்தான் இருந்தது. முதல் தாளைப் பிரித்தேன். அவரிடம் சொல்லாமல் நான் எழுதிக் கொடுத்திருந்த வரி பளிச்சென்று தெரிந்தது.

'இதைப் படிக்கப்போகும் என் கணவருக்கு.'

அப்போதுதான் அழுகை வந்தது. அடித்தாகிவிட்டது. இனிமேல் எப்படி மாற்றுவது?