கரடிக்குட்டியின் மிச்சக் கதை

“...அந்தக் கரடிக்குட்டிக்கு உம்மா கிடைச்சாவா, இல்லையா? அதை முதல்ல சொல்லுங்க காக்கா!”

மட்டக்களப்பு பஸ் வருவதற்குள் பேனைக்கு மை வாங்கலாமென்று கல்முனைக் கடையொன்றில் நுழைந்தவன் அப்படியே நிற்கிறேன். கடைக்காரரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிட்டுக் கத்துகிற பெண்ணின் கையில் மகளுடைய பள்ளிக்கூடக் கொப்பி. அதன் உறையில், ஆற்றங்கரையில் தாயைத் தேடி நிற்கிறது ஒரு கரடிக்குட்டி. ஒவ்வொரு மயிரையும் தனித்தனியாக வரைந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் தொடங்குகிற மாதம் இது. கடைக்காரர் வெளிநாட்டுப் படப் புத்தகங்களைச் சவரப் பிளேட்டால் அறுத்து, கொப்பிக்கு உறை போடவென்று தாள் தாளாக விற்கிறார்.

“வழுவழுப்பான தாள், தங்கச்சி. மழையில ஊறாது. கதையை ஆரு படிக்கிற?”

“என்ட மகள் படிக்கிறாள்! மிச்சம் எங்க எண்டு கேட்டு மூணு நாளா ஒழுங்காச் சோறு திங்கிறாளில்ல.”

“மிச்சம் மருதமுனை ஊர்ப் புள்ளையள்ட கொப்பியில கிடக்கும். போய்த் தேடுங்க.”

சொல்லிச் சிரித்துக்கொண்டே அடுத்த புத்தகத்தில் பிளேட்டை வைக்கிறார் மனுசன். எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. குழந்தைக்கென்று இத்தனை பாடுபட்டுக் கீறிய படங்களை உரிக்க இந்தக் கை எப்படித்தான் வருகிறதோ!

நான் வாய் திறக்குமுன் அந்தப் பெண் பிளேட்டைப் பறித்துத் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் எறிகிறாள். அறுபடாத புத்தகக் கட்டை மடிக்கு இழுத்துக்கொண்டு, கடை வாசலை மறித்துக் குந்தி, ஒவ்வொன்றாக விரித்து, வேறொரு பிரதியிலாவது முழுசாகக் கிடக்குமென்று கரடியைத் தேடத் தொடங்குகிறாள்.