ஜெசிந்தா அத்தையின் சங்ககிரி

காலை ஏழு நாற்பதுக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஈரோடு வண்டி ஏறினேன். சங்ககிரிக்கு முப்பத்தைந்து ரூபாய். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். நாற்பத்தாறு வருடமாகச் சேலத்தில் இருக்கிறேன், சங்ககிரியில் இறங்கியதே இல்லை. கோயம்புத்தூர் போகும்போது ஜன்னல் வழியாக மலைக்கோட்டையைப் பார்த்து, ‘அட, சங்ககிரி வந்துவிட்டதா’ என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்குவதோடு சரி.

இந்த முறை இறங்க வைத்தவர் என் அத்தை ஜெசிந்தா. அப்பாவின் தங்கை. பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் இறந்து இருபத்தைந்து நாள் ஆகிறது. வரும் ஞாயிறு முப்பதாம் நாள் பூசை. அவருடைய கைப்பையில் ‘சங்ககிரி வீடு’ என்று எழுதிய ஒரு போன் நம்பர் கிடைத்தது. செய்தி சொல்லலாமென்று அத்தையின் போனிலிருந்தே கூப்பிட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் குரல், “அம்மா, வண்டி ரெடியாயிருச்சுங்க. எப்ப வாரீங்க?” என்றது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர் வீட்டிலிருந்து பேசுகிறேன், நேரில் வருகிறேன் என்று மட்டும் சொல்லி, முகவரி வாங்கிக்கொண்டு வைத்துவிட்டேன்.

சங்ககிரி என்றால் எங்கள் வீட்டில் தியானம் என்று அர்த்தம். வருடத்துக்கு ஒருமுறை, சில வருடம் இருமுறை, சங்ககிரி மடத்தில் மூன்று நாள் தியானம் என்று அத்தை கிளம்புவார். மூன்று நாள் சில சமயம் ஒன்பது நாளாகும். திரும்பும்போது கையில் கறிச்சோற்றுப் பொட்டலமும் ஒரு கூடை ஆரஞ்சும் இருக்கும். எந்த மடத்தில் கறியும் ஆரஞ்சும் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் வரத்து நின்றுவிடுமோ என்ற பயம்தான்.

எட்டு ஐம்பதுக்கு இறங்கி ஆட்டோ பிடித்தேன். முகவரியைப் பார்த்த டிரைவர் கண்ணாடியில் என் முகத்தையும் பார்த்தார்.

“நர்ஸம்மாவுக்குச் சொந்தமுங்களா? மூக்கு அப்படியே இருக்குதுங்க.”

அத்தையை இந்த ஊர் ஆட்டோக்காரருக்குத் தெரிகிறது. ஆமாம் என்றேன். எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு லாரி ஷெட்டின் முன்னால் இறக்கிவிட்டார்.

உள்ளே, பெயின்ட் வாசனை போகாத புது லாரி ஒன்று நின்றது. ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். போனில் கேட்ட அதே குரல். சரஸ்வதி என்று பெயர் சொன்னார்.

“வாங்க சாமி. அம்மாவோட பொண்ணுதானே நீங்க? கணக்கு டீச்சர். அம்மா உங்களப் பத்திப் பேசாத நாளில்லீங்க. அம்மா வரலீங்களா?”

மகள் இல்லை என்று நான் திருத்தவில்லை. அத்தை இறந்ததை மட்டும் சொன்னேன். சரஸ்வதி லாரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் கணவர் ராமசாமி தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

காபி குடித்தபின் சரஸ்வதி சொன்ன கதை இது. இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தபின் மூன்றாவதை அவர் கையில் உயிரோடு கொடுத்தவர் அத்தை. அந்தக் கைராசிக்காக, முதல் லாரி வாங்கியபோது சாவி திருப்ப அவரையே அழைத்து வந்தார்கள்.

“எலுமிச்சம்பழம் நசுக்குனதும் எறங்கோணும். டோல்கேட் வரைக்கும் வாரேன்னாங்க. நாக்பூர்ல போய்த்தான் எறங்குனாங்க.”

அதோடு சேர்த்து இதுவரை பதினோரு லாரிகள். ஒவ்வொன்றின் முதல் நடையிலும் அத்தை உண்டு. டிரைவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பார், ரோட்டோரம் ஸ்டவ் மூட்டிச் சோறு வடிப்பார். அறுபத்து நாலு வயதில் லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டியிருக்கிறார். வீட்டில் பரண்மேல் ஏற என்னைக் கூப்பிடுவார், முட்டிவலி என்று.

“அய்யா கப்பல்ல இருந்து வந்துட்டாருங்களா?” என்று ராமசாமி கேட்டார்.

“எந்த அய்யா?”

“உங்கப்பாதாங்க.”

அப்போதுதான் ஒருவாறு விளங்கிற்று. புது வண்டிக்குச் சாவி திருப்புவது சுமங்கலியின் கையாக இருக்க வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். அத்தை கழுத்தில் சிலுவை கோத்த நீளச் சங்கிலி எப்போதும் கிடக்கும். கிறிஸ்தவர்களின் தாலியில் சிலுவை இருக்கும் என்று இவர்களுக்குத் தெரியும். அதுதான் இது என்று நினைத்துவிட்டார்கள். லாரியில் ஏற ஆசைப்பட்ட அத்தை மறுக்கவில்லை. தாலி இருந்தால் புருஷன் இருக்க வேண்டுமே. அவரைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இவர்களை அழைத்தால், கோயிலில் எல்லோர் முன்னாலும் உண்மை தெரிந்து அவமானப்படுவார்கள். அழைக்காமல் போனால், அத்தைக்காக இப்படி அழுகிறவர்களை விட்டுவிட்டு யாரைக் கூப்பிட்டு என்ன பயன்? மணி பத்தரை. சொல்லிவிட்டேன். கல்யாணம் ஆகவில்லை, கப்பல் இல்லை, நான் அண்ணன் மகள்.

ராமசாமி எழுந்து போய்ப் புது லாரியின் டயர்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். சரஸ்வதி காபி டம்ளர்களை எடுத்து அடுக்கினார்.

“அப்ப, அய்யாவுக்குன்னு நான் கட்டிக் குடுத்த கறிச்சோறு?”

“நாங்கதாங்க சாப்பிட்டோம்.”

“காரம் சரியா இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சுங்க,” என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ராமசாமி திரும்பி வந்தார். “பதினோரு வண்டியும் ஓடிக்கிட்டுத்தான் இருக்குது. இதை எப்படி எடுத்துக்கறதுன்னு எனக்கு ஒண்ணும் புரியலீங்க. பூசைக்கு வாரோம். வண்டி அப்பறம் கெளம்பட்டும்.” கோபமா வருத்தமா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கும் அதே நிலைதான். மடத்துக்குப் போன அத்தையை நினைப்பதா, லோடு மேல் ஏறிய அத்தையை நினைப்பதா?

பஸ் ஸ்டாண்டு வரை சரஸ்வதி கூடவே வந்தார். அத்தை ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டார். எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். என் அம்மா இறந்தபோது எனக்கு மூன்று வயது. அத்தைக்கு நிச்சயம் ஆகியிருந்தது; பிள்ளையை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள், அவர் போகவில்லை. அதைப் பஸ் ஸ்டாண்டில் நின்று அவரிடம் சொன்னேன்.

“அப்ப, பொய்யெல்லாம் ஊட்டுக்காரரோட நின்னு போச்சுங்க, சாமி,” என்றார் சரஸ்வதி. “பொண்ணு நெசந்தானே.”

பன்னிரண்டு பத்துக்குச் சேலம் வண்டி. பக்கத்து இருக்கைப் பெண் என் கண்ணைப் பார்த்துவிட்டு, யார் தவறிவிட்டார்கள் என்று கேட்டார். அத்தை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அம்மா என்று வந்தது. அந்தச் சொல்லை அத்தையைப் பார்த்து நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். மகுடஞ்சாவடி தாண்டும் வரை அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.